மன்னர் கேட்ட பாகற்காய்

வெகு காலத்துக்கு முன்னால் மருதவள நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். இரண்டையும் உடனே செய்துவிட வேண்டும். அவ்வளவுதான் குறை.

அவர் சபையில் ஒரு வழக்கம். ராஜா எதைக் கேட்டாலும் "ஆகட்டும் மகாராஜா" என்றே சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்ற சொல் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததே இல்லை.

ஒரு நாள் ராஜா, "நாணல்துறைக்கு ஒரு பெட்டி பொன் தருகிறேன். அந்த ஊருக்கு என்ன கட்டலாம்?" என்றார்.

அலங்கார அதிகாரி செண்பகராயர் முந்திக்கொண்டார். "தங்கள் சிலை, மகாராஜா! குதிரைமேல்!"

அமைச்சர் பொன்னம்பலவாணருக்குத் திக்கென்றது. நாணல்துறையில் ஆற்றில் இறங்கப் படி கிடையாது. மழைக்காலத்தில் குடத்தோடு சேற்றில் வழுக்கி விழாத பெண் அந்த ஊரில் இல்லை. போன மாதம்கூடப் பூவாத்தாள் என்பவள் விழுந்து கால் முறிந்து கிடந்தாள். இந்தப் பொன்னை விட்டால் இன்னொரு பொன் எப்போது வருமோ!

"ஊராரையே கேட்டுவிடலாமே, மகாராஜா" என்றார்.

"நல்ல யோசனை. செண்பகராயரே, போய்க் கேட்டு வாரும்."

செண்பகராயர் ஈட்டி வீரர்களோடு போனார். ஊரைக் கூட்டினார். "மகாராஜா உங்களுக்குச் சிலை தருகிறார். சம்மதமா?" என்றார்.

ஊர் ஈட்டிகளைப் பார்த்தது. "ஆகட்டும் சாமி" என்றது.

திரும்பி வந்தவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "ஒருவர்கூட மறுக்கவில்லை, மகாராஜா! அமைச்சருக்குத்தான் தங்கள் சிலைமேல் என்ன கோபமோ!"

"கோபமெல்லாம் இல்லை" என்றார் பொன்னம்பலவாணர். "முதல் கல்லை மகாராஜாவே நட வேண்டும். மதியச் சாப்பாடும் அந்த ஊரிலேயே ஆகட்டும்."

ராஜாவுக்கு அதுவும் பிடித்துவிட்டது. அமைச்சர் அன்றே பூவாத்தாளுக்கு ஆளனுப்பி, என்ன சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நாணல்துறையிலும் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி இலையில் விழுந்ததை மறுக்கக்கூடாது. மறுத்தால் அந்த வீட்டுக்கே அவமானம். வழியில் அமைச்சர் இதைச் சொன்னதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மரியாதையில் நான் யாருக்குக் குறைந்தவன்?"

பூவாத்தாள் கோலூன்றி வந்து பரிமாறினாள். பாகற்காய்க் கூட்டு. சிறு வயதிலிருந்தே ராஜாவுக்கு ஆகாத ஒன்று அது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா சாமி?"

ராஜா பேசவில்லை. கரண்டி கவிழ்ந்தது.

"பாகற்காய்ப் பொரியல்?"

அதுவும் விழுந்தது. பிறகு வறுவல். பிறகு மறுபடி கூட்டு. ராஜாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பொன்னம்பலவாணர் செண்பகராயர் பக்கம் திரும்பினார். "அரண்மனைச் சமையற்காரரிடம் சொல்லிவிடுங்கள். நாளை முதல் மூன்று வேளையும் பாகற்காய்."

"யார் கேட்டது?" என்று அலறினார் ராஜா.

"தாங்கள்தான், மகாராஜா. ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தானே வைத்தாள்? தாங்கள் மறுக்கவில்லையே."

ராஜா வாயில் இருந்ததை மெதுவாக மென்றார். ஊராரைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற ஈட்டி வீரர்களைப் பார்த்தார்.

"என் சிலையும் பாகற்காய்தானா?" என்றார்.

ஊர் தரையைப் பார்த்தது.

"சரி. நான் ஆற்றில் கை கழுவி வருகிறேன். ஈட்டிக்காரர்களும் தள்ளிப் போகட்டும். என்ன வேண்டும் என்று அமைச்சரிடம் சொல்லுங்கள்."

அவர் தலை மறைந்ததும் ஊர் வாய் திறந்தது. "சந்தைக்கு ஒரு கூரை போடணும்" என்றார்கள் சிலர். "கூரையில்லாம நனைஞ்சா துவட்டிக்கலாம், கால் போனா என்னத்தைத் துவட்ட?" என்றாள் பூவாத்தாள். பெரிய சண்டை. கடைசியில் கூரைக்காரர்கள் வேப்பமரத்தடியிலும் படித்துறைக்காரர்கள் கிணற்றடியிலும் நின்றார்கள். கிணற்றடியில்தான் கூட்டம் அதிகம்.

அப்போது ராஜா திரும்பி வந்தார். இடுப்புவரை சேறு. கிரீடம் ஒரு வீரன் கையில் இருந்தது, அதிலும் சேறு.

"படித்துறைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?" என்றார்.

"தங்களுக்குச் சிரமம் வேண்டாம், மகாராஜா. முடிவாகிவிட்டது" என்றார் அமைச்சர்.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, அமைச்சருக்குப் போட்டார். பிறகு அலங்கார அதிகாரியைக் கூப்பிட்டார்.

"செண்பகராயரே, சிலைக்கு இறக்கிய கல்லெல்லாம் படிக்கட்டாகட்டும். வேலை முடிகிறவரை நீர் இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு பூவாத்தாள் வீட்டில். சம்மதமா?"

செண்பகராயர் சட்டியை எட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் இருந்தது.

"ஆகட்டும், மகாராஜா" என்றார்.

பூவாத்தாள் அவருக்கு ஓர் இலை போட்டாள்.