பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு குற்றத்தை மூன்று பேர் தனக்குத்தான் என்று கேட்ட கதை. சொல்ல மனசே வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

திருவாரூரில் வேதவல்லி என்றொரு ஆராய்ச்சியாளர். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் பேச்சைப் பதிவுசெய்து, வீட்டு லினக்ஸ் கணினியில் ஏற்றியதும் ரெக்கார்டரைக் காலிசெய்துவிடுவாள். அவள் கணவன் திருமாறன் அந்தக் கணினியோடு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை இணைத்திருந்தான். ‘பெட்டகம்’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் அந்த டிஸ்க்கில் உள்ளது தெரியும். தினமும் மதியம் எல்லாப் பதிவுகளும் தானாகவே பெட்டகத்துக்குப் போய், ‘நகல் முடிந்தது’ என்று திரையில் ஒரு வரி வரும்.

ஆயுத பூஜையன்று திருமாறனின் அக்கா அகல்யா அந்த டிஸ்க்கையும் கழற்றி, சந்தனப் பொட்டு வைத்து, சாமி படத்தின் முன்னால் வைத்தாள். மறுநாள் பழைய இடத்திலேயே வைத்து கரன்ட் வயரைச் செருகினாள். டிஸ்க்கின் விளக்கு எரிந்தது. கணினிக்குப் போகும் இன்னொரு வயர் மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. ஆனாலும் ‘நகல் முடிந்தது’ தினமும் வந்தது. வேதவல்லியும் தினமும் படித்தாள்.

இரண்டு வருடமாகப் பேச மறுத்த உப்பளத்துக் காளியம்மாள் தை மாதத்தில்தான் பேசினாள். மாசியில் கணினியில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. “இவ்ளோ சீக்கிரம் எப்படி நெறஞ்சுது?” என்றான் திருமாறன். தன் சினிமாக்களை அழித்து இடம் பண்ணினான்.

பங்குனியில் காளியம்மாள் இறந்துபோனாள். மகள் அஞ்சலை வந்தாள்.

“அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்லக்கா. பதினாறாம் நாளு அது கொரலயாச்சும் கேக்கணும். என்னப் பத்திப் பேசுச்சா?”

“பாதி நேரம் உன்னப் பத்தித்தான். கண்டிப்பா தரேன்.”

பன்னிரண்டாம் நாள் கணினியின் உள் டிஸ்க் செத்துப்போனது. ரிப்பேர்க்காரர் கையை விரித்தார். வெளி டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்வரை எல்லாம் இருந்தது. காளியம்மாள் இல்லை.

“கழட்டுனது நாந்தானே,” என்று அகல்யா அழுதாள். “ஒரு நாள் மேசைக்குப் பின்னால பாத்திருந்தா போதுமே,” என்று வேதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த வரிய வர வச்சதே நான்,” என்றான் திருமாறன்.

தினமும் முடிந்த நகல்கள் எங்கே போயின? மூவரில் குற்றம் யாருடையது?

விடை: டிஸ்க் இணைந்திராதபோதும் ‘பெட்டகம்’ என்ற ஃபோல்டர் கணினிக்குள் இருக்கும். நகல்கள் அதற்குள்ளேயே விழுந்து, மூலத்தோடு சேர்ந்து அழிந்தன. விளக்கு எரிந்ததை அகல்யா நம்பினாள். கணவனை வேதவல்லி நம்பினாள். இடம் ஏன் நிறைந்தது என்று கேட்டவன் திருமாறன், விடை கண்டுபிடிக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவனே. கேட்டதோடு விட்டுவிட்டான். குற்றம் அவனுடையது. தீர்ப்பு சரிதான், ஆனால் யாருக்கு என்ன பயன்? பதினைந்தாம் நாள் காலையில் அஞ்சலை செல்போனைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். மூவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.