பெட்டி வீட்டு மருமகள்

மலைக்கு மேலே பத்துப் பதினைந்து வீடு, மலைக்குக் கீழே ஒரு ஊர், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜீப். ரொம்பப் பழைய காலத்துக் கதையெல்லாம் இல்லை. போன மழைக்கு முந்தின மழைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜீப்பின் வயிற்றுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. என்ஜின் கொடுக்கிற பலத்தை வாங்கி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. மெக்கானிக்குகள் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். நமக்கெதற்கு அவ்வளவு நீட்டம்? பெட்டி என்றே கூப்பிடுவோம்.

அந்தப் பெட்டி வீட்டுக்கு மருமகளாக வந்தவள் சங்கிலி. இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றி மாட்டி விட்டார்கள். தார் ரோட்டில் அவளுக்கு வேலை கிடையாது. மண்பாதை வந்ததும் டிரைவர் வேலாண்டி குட்டி லிவரை ஒரு இழுப்பு இழுப்பான். அவ்வளவுதான், முன் சக்கரங்களின் பாரம் மொத்தமும் அவள் தலையில் வந்து விழும். மூட்டை, ஆள், அரிசி, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு மேடேறுவாள்.

இழுத்து இழுத்து அவளுக்கு என்ன ஆனது? ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் தேய்மானம். ஒரு கண்ணியைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் சேர்ந்தபோது அவள் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தாள். மேட்டில் ஏறும்போது பெட்டிச் சுவரில் டக் டக்கென்று இடித்தாள். பாரம் அதிகமானால் பல்சக்கரத்தின் ஒரு பல்லை விட்டு அடுத்த பல்லுக்கு நழுவினாள். அப்போது ஜீப்பே ஒரு குலுங்கு குலுங்கும்.

"தாயி, என்ன சத்தம் இது? நாலு பேர் காதுல விழுந்தா என்ன நினைப்பாக?" என்றார் பெட்டி. மாமனார் அல்லவா, சுவரில் அடி விழுவதைவிடப் பேர் கெடுவதுதான் அவருக்குப் பெரிய வலி.

"முடியல மாமா. பிடிமானம் விட்டுப்போகுது."

"விட்டுப்போகுதுன்னு வெளிய சொன்னா, மெக்கானிக்கு வந்து நட்டைக் கழட்டி நம்ம குடும்பத்தையே பிரிச்சுப் பரப்பிருவான். நீ நேரா காயலான் கடைக்குத்தான் போவ. பேசாம இரு."

காயலான் கடை என்றதும் சங்கிலி வாயை மூடிக்கொண்டாள். பாவம், பயமிருக்காதா?

சத்தம் வேலாண்டிக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜீப் முதலாளியிடம் சொன்னான். "கெட்டி ஆயிலா ஊத்தி ஓட்டுப்பா, சரியாயிரும்" என்றார் முதலாளி. கெட்டி ஆயில் வந்து இறங்கியது. கல்யாண வீட்டில் சண்டை வந்தால் நடுவில் புகுந்து எல்லாரையும் அமுக்கி உட்கார வைக்கிற ஆள் இருப்பானே, அந்த ரகம்.

"நான் வந்துட்டேன்ல? காதும் காதும் வச்சமாதிரி முடிச்சிருவோம்" என்று சங்கிலியைச் சுற்றி அப்பிக்கொண்டது. சத்தம் பாதியாகக் குறைந்தது. தேய்மானம் குறையவில்லை.

பெட்டியின் அடியில் ஆயிலை இறக்கிவிடுகிற மூடி ஒன்று உண்டு. அதன் நுனியில் காந்தம். அவள் ஒரு பேசாமடந்தை. உதிர்கிற இரும்புத்தூளை எல்லாம் தன் மேல் ஒட்டி வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, என்னால இதுக்கு மேல வச்சுக்க முடியாது. என் உடம்பு பூரா உன் தூளு."

"யார்கிட்டடி சொல்றது?" என்றாள் சங்கிலி.

"நானா சொல்ல மாட்டேன். என்னைக் கழட்டிப் பாத்தா மறைக்கவும் மாட்டேன்."

அந்த வாரம் மேலேயிருந்து இறங்கும்போது நர்ஸ் ஜெபராணி ஜீப்பில் வந்தாள். வேலாண்டியின் தங்கச்சி சீனியம்மாவுக்கு நிறைமாசம். மலையில்தான் வாக்கப்பட்டிருந்தாள்.

"அண்ணே, பிள்ளை திரும்பாம இருக்கு. மலையில வச்சுப் பாக்க முடியாது. நாளை கழிச்சு எப்படியும் கீழ கொண்டாந்திரணும்" என்றாள் ஜெபராணி.

"கூட்டியாந்துருவோம் சிஸ்டர். நம்ம வண்டி இருக்கைல என்ன?" என்றான் வேலாண்டி.

கீழே கேட்டுக்கொண்டிருந்த சங்கிலிக்குப் பகீரென்றது. வருகிற வழியில் ஓடையைத் தாண்டினதும் வழுக்குப்பாறை மேடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். முன் சக்கரம் இழுக்காவிட்டால் வண்டி பின்னாலேயே போகும். பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு அங்கே நழுவினால்?

"மாமா, அந்தப் பிள்ளையை ஏத்திக்கிட்டு என்னால அந்த மேடு ஏற முடியாது."

"இத்தனை நாள் ஏறலையா? ஒரு தடவைதானே, பல்லைக் கடிச்சுக்க" என்றார் பெட்டி.

"பல்லு நழுவுதுன்னுதானே மாமா சொல்றேன்!"

கெட்டி ஆயில் குறுக்கே விழுந்து, "சரி சரி, பெரியவர் சொன்னா கேட்டுக்கம்மா" என்றது. சங்கிலிக்கு அன்றைக்குத்தான் வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

மண்பாதை முடிந்து தார் ரோடு ஏறுகிற இடத்தில் சின்னதாக ஒரு மேடு. அதன் உச்சியில் மெக்கானிக் சிக்கந்தர் பாயின் பட்டறை. பள்ளத்துக்குப் பக்கத்தில் நழுவுவதைவிட பாய் வாசலில் நழுவிவிடலாம், காயலான் கடைக்குப் போனாலும் போகட்டும் என்று முடிவு கட்டினாள். மேட்டில் பாரம் விழுந்ததும், உயிரைக் கொடுத்துப் பிடிக்கிற வழக்கத்தை விட்டு, பிடியைத் தளர்த்தினாள்.

டொக்! டொக்! டொக்கென்று மூன்று பல் தாவிப் பெட்டிச் சுவரில் ஓங்கி ஒரு அறை. ஜெபராணி முன் சீட்டில் தலையை இடித்துக்கொண்டாள்.

"ஏய் வேலாண்டி! நிறுத்துப்பா!" என்று சிக்கந்தர் பாய் டீ கிளாஸோடு ஓடி வந்தார். "அடியில என்ன சத்தம்?"

"அது கொஞ்ச நாளா இருக்கு பாய். கெட்டி ஆயில் ஊத்தியிருக்கு."

"பிள்ளை அழுதா வாயைப் பொத்துவியா? நல்ல ஆளுய்யா நீ!"

பாய் அடியில் படுத்தார். முன் சக்கரத்துக்குப் போகிற தண்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். கொஞ்ச தூரம் சும்மா சுற்றி, பிறகு டக்கென்று நின்றது. தண்டின் மூட்டை அழுத்திப் பார்த்தார்.

"மூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆட்டம் பெட்டிக்குள்ளேருந்து வருது."

அடிமூடியைக் கழற்றினார். கெட்டி ஆயில் ஒரு வார்த்தை பேசாமல் வழிந்து தட்டில் விழுந்தது. மூடியின் காந்தத்தில் வெள்ளித்தூளாக மினுமினுவென்று அப்பியிருந்ததைப் பார்த்த வேலாண்டியின் முகம் செத்துப்போனது.

பெட்டியைப் பிரித்தார்கள். வீட்டு விஷயம் நடுரோட்டில் வந்துவிட்டதே என்று பெட்டி கூனிக்குறுகிக் கிடந்தார். பாய் விளக்கை அடித்து உள்சுவரைக் காட்டினார். சங்கிலி இடித்து இடித்துச் சுவரில் விரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம்.

"இன்னும் ரெண்டு நடை போயிருந்தா பெட்டியே பொத்தலாயிருக்கும்" என்றார் பாய். பிறகு சங்கிலியை இரண்டு கையிலும் ஏந்தினார். அவள் நடுவில் தொய்ந்து தொங்கினாள். "கண்ணிக்குக் கண்ணி தேஞ்சிருக்கு. இதைக் குத்தம் சொல்ல முடியாது. நல்லா இழுத்திருக்கு."

சங்கிலிக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. தான்தான் சோம்பிப்போய்விட்டோம், பலமில்லாதவள் ஆகிவிட்டோம் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாளே! பெஞ்சில் கிடத்தியதும், பாரமில்லாமல் கிடப்பது இவ்வளவு சுகமா என்று ஆச்சரியப்பட்டாள். காயலான் கடைப் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நல்லவேளை பாய்" என்றான் வேலாண்டி. "நாளை கழிச்சு என் தங்கச்சியை வழுக்குப்பாறையில..."

"அதான் இல்லைன்னு ஆச்சே. டீயைக் குடி."

மறுநாள் புதுச் சங்கிலி வந்தாள், புது ஆயிலும் வந்தது. பழையவளை ஒரு சாக்கில் சுற்றிப் பின் சீட்டுக்கு அடியில் போட்டான் வேலாண்டி. பழைய சாமானைக் கண்ணில் காட்டினால்தானே முதலாளி நம்புவார்? இவ்வளவு நடந்தும் பெட்டியின் வாய் சும்மா இருக்கவில்லை. புது மருமகளிடம் முதல் பேச்சே, "தாயி, இந்த வீட்டுல சத்தம் மட்டும் ஆகாது" என்பதுதான். சீட்டுக்கு அடியில் கிடந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சீனியம்மாவை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கியது. ஜெபராணி கூடவே உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, வலியும் பிடித்துக்கொண்டது. ஓடை தாண்டி வழுக்குப்பாறை வந்தது. புதுச் சங்கிலி கெட்டியாகப் பிடித்தாள். ஒரு பல்கூட நழுவாமல், ஒரு அடிகூடப் பின்வாங்காமல் ஜீப் ஏறி உச்சியில் சமதரைக்கு வந்தது.

"அண்ணே நிறுத்துங்க! கால்தான் முதல்ல வருது" என்றாள் ஜெபராணி.

வேலாண்டி வண்டியை நிறுத்திவிட்டு மழையில் இறங்கி நின்றான். வண்டிக்குள் சீனியம்மா அலறினாள். ஜெபராணி பக்குவமாகப் பிடித்து இறக்கினாள். பிள்ளை வெளியே வந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"சிஸ்டர்... ஏன் அழ மாட்டேங்குது?" என்று கேட்டாள் சீனியம்மா.

ஜெபராணி பிள்ளையின் முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். "அழு சாமி, அழுதுரு" என்று கெஞ்சினாள். வெளியே வேலாண்டி, "அழு, அழு" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். சீட்டுக்கு அடியில் பழைய சங்கிலி மூச்சு விடவில்லை. சத்தமே இல்லாமல் இருக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட பெட்டிக்கு, அந்த நிசப்தத்தை ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை.

வீல் என்று ஒரு கத்தல். மலையே திரும்பிக் கத்தியது.

"பொம்பளப்பிள்ளைண்ணே!" என்று ஜெபராணி அழுதுகொண்டே சிரித்தாள். வேலாண்டி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிள்ளை விடாமல் கத்தியது. பெட்டி தன் சுவரெல்லாம் அதிர அதிர மேலே பார்த்துக் கத்தினார்:

"நல்லாக் கத்து தாயி! ஊருக்கே கேக்கட்டும்!"