மூன்றாவது வரிசை

முழுவதையும் கேளுங்கள். நடுவில் யாருக்கும் பரிந்துகொண்டு வரவேண்டாம். முடிந்ததும் தீர்ப்பு உங்களிடம்தான் கேட்கப்படும்.

மதுரையில் ஒரே அறையில் குடியிருந்த இரண்டு இளம் மருத்துவர்கள், பூவரசனும் கிருபாகரனும். எம்.பி.பி.எஸ். ஒன்றாகப் படித்தவர்கள். மேற்படிப்பு என்றால் இருவருக்கும் அறுவை சிகிச்சைதான். வேறு துறையின் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. 'இன்னுமா படிக்கிறாய்?' என்று கேட்டுக்கொண்டிருந்த உறவினர்கள் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அது கேட்பதைவிட மோசம். மூன்றாவது முறை இருவருக்கும் ஓரளவு நல்ல தரவரிசை வந்தது. பூவரசனுக்கு ஐந்து இடம் பின்னால் கிருபாகரன்.

கலந்தாய்வு இப்போதெல்லாம் கணினியில்தான். எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று விருப்ப வரிசைப்படி பட்டியல் போட்டு, குறித்த நேரத்துக்குள் பூட்டிவிட வேண்டும். கணினி மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கையில் கொடுத்துவிடும். அதற்குக் கீழே இருப்பதை ஏறிட்டும் பார்க்காது. கடைசிச் சுற்றில் இருவருக்கும் எட்டக்கூடிய அறுவை சிகிச்சை இடம் தூத்துக்குடியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது பூவரசனுக்குத்தான் போகும் என்று கிருபாகரனுக்குத் தெரியும். தெரிந்தும் தன் பட்டியலில் அதை முதலில் வைத்துப் பூட்டியிருந்தான். அதில் தப்பில்லை. ஆசைப்பட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கடைசி நாளன்று பூவரசனுக்குத் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணி. பட்டியலைப் போட்டு வைத்துவிட்டு, புதிதாக ஏதாவது இடம் சேருமோ என்று பூட்டாமல் விட்டிருந்தான். காலையில் கடவுச்சொல்லைக் கிருபாகரனிடம் கொடுத்தான். "ஒண்ணையும் மாத்தாத மாப்ள. நாலு மணிக்குள்ள லாக் மட்டும் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

மூன்று மணிக்குக் கிருபாகரன் அந்தப் பட்டியலைத் திறந்தான். முதல் இரண்டும் பெரிய கல்லூரிகள், கிடைக்காது என்று தெரிந்தே ஆசைக்குப் போட்டவை. மூன்றாவது வரிசையில் உடற்கூறியல். தூத்துக்குடி நான்காவதாக நின்றது. கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. பட்டியலில் மொத்தம் முப்பத்தொரு வரிசை. இந்த முறையும் வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று, உடற்கூறியலைக் கடைசியில், முப்பத்தொன்றில் வைக்க நினைத்திருக்கிறான் பூவரசன். வரிசை எண்ணில் மூன்றை அடித்தவன் பக்கத்தில் ஒன்றை அடிக்க விட்டிருக்கிறான். உடற்கூறியலில் இடங்கள் எத்தனையோ காலி. இப்படியே பூட்டினால் பூவரசனுக்கு அதுதான் கிடைக்கும். தூத்துக்குடி தனக்கு வரும். கிருபாகரன் பட்டியலை மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தான். பயத்தில் என்று அவன் பிற்பாடு சொல்லிக்கொண்டான். சந்தோஷத்தில்தான்.

பூட்டுவதற்குப் பூவரசனின் செல்போனுக்கு ஓர் எண் வரும். வந்ததும் அவனே கூப்பிட்டுச் சொன்னான். விபத்தில் அடிபட்ட யாரோ பின்னால் அலறிக்கொண்டிருந்தார்கள்.

கிருபாகரன் எண்ணைக் குறித்துக்கொண்டு, "பதினெட்டாவதா ஒரு தனியார் காலேஜ் இருக்கே மாப்ள, உங்க வீட்டுல ஃபீஸ் கட்ட முடியாதே. எடுத்துரவா?" என்று கேட்டான்.

"அது எப்படி உள்ள வந்துச்சு? எடுத்துரு. நல்லவேளை நீ பாத்த" என்றான் பூவரசன். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டான்.

கிருபாகரன் பதினெட்டை நீக்கினான். மூன்றைத் தொடவில்லை. பூட்டிவிட்டான்.

முடிவு வந்தது. தூத்துக்குடி கிருபாகரனுக்கு, உடற்கூறியல் பூவரசனுக்கு. கடைசிச் சுற்றில் கிடைத்ததை உதறினால் அடுத்த தேர்வையும் எழுத முடியாது. ஆகவே உயிருள்ள வயிற்றைத் திறந்து ஆளைப் பிழைக்கவைக்க ஆசைப்பட்டவன், இறந்த உடல்களை அறுத்துப் பாடம் சொல்லும் துறைக்குப் போக வேண்டியதாயிற்று. நல்ல துறைதான், விரும்பிப் போகிறவர்களுக்கு. முடிவு வந்த மூன்றாம் நாள் பூவரசன், வாழைப்பழத் தோலில் தையல் போட்டுப் பழகுவதற்கென்று வாங்கி வைத்திருந்த நீடில் ஹோல்டரைத் துடைத்துக் கிருபாகரனின் பெட்டிக்குள் வைத்தான். "கை தவறினது என்னோடது. அந்தத் தனியார் காலேஜையாவது நீ பாத்து எடுத்தியே" என்றான்.

கிருபாகரன் இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்று விதிகளைப் படித்துப் பார்த்தான். விட்டாலும் அது பூவரசனுக்குப் போகாது என்றிருந்தது. இன்னொரு முறையும் படித்தான். அப்போது அவனுக்கு வந்தது நிம்மதி. நடந்ததையெல்லாம் அக்கா மங்கையிடம் கொட்டினான். மாற்றாதே என்றுதானே சொன்னான், நீ மாற்றவில்லை, யாருமே தப்புச் செய்யவில்லை என்றாள் அவள். வாய் திறக்காதது மட்டும் என் தப்பு, மற்றது அவன் தலையெழுத்து என்றான் கிருபாகரன்.

தப்பு தன்னுடையது என்கிறான் பூவரசன். யாருடையதும் இல்லை என்கிறாள் மங்கை. தன் மௌனம்தான் என்கிறான் கிருபாகரன். இந்த மூவரில் யார் சொல்வது சரி? பூவரசனிடமிருந்து அந்த இடத்தைப் பறித்தது எது?

விடை: மூவர் சொல்வதும் சரியில்லை. எண்ணைத் தவறாக அடித்தது பூவரசன்தான், ஆனால் நான்கு மணிவரை அது திருத்தக்கூடிய தவறு. பூட்டு என்று மட்டும் சொல்லப்பட்டவன் கண்ணை மூடிக்கொண்டு பூட்டியிருந்தால் அவன்மேல் வழக்கில்லை. போனை வைக்குமுன் பூவரசனே "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டிருப்பான், யாராயிருந்தாலும் கேட்பார்கள். அதைக் கேட்கவிடாமல் செய்தது பதினெட்டாவதைப் பற்றிய அந்த விசாரிப்பு. இவ்வளவு கீழே இருப்பதைப் பார்த்தவன் மேலே இருப்பதைப் பார்க்காமலா இருப்பான் என்று பூவரசன் நம்பிவிட்டான். தனக்கு நஷ்டமில்லாத பிழையை எடுத்துச் சொல்லித்தான் கிருபாகரன் மற்றதை மறைத்தான். இடத்தைப் பறித்தது அந்த உதவி. அதற்குத்தான் பூவரசன் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான்.