ஏழாவது வளைவில் ஆறிய என்ஜின்

போடிநாயக்கனூரில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் வேலுத்தாய் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வயது முப்பத்து மூன்று. அவரிடம் தொழில் கற்க வந்த கோவர்த்தனனுக்கு அறுபது. முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வேலுத்தாயை அவர் "வாத்தியாரம்மா" என்பார். வேலுத்தாய் அவரை "சார்" என்பார்.

ஒரு காலையில், பக்கத்துத் தெருவில் குடியிருந்த செவிலியர் ஜெசிந்தா வண்டியோடு வந்தார். பின்னால் தடுப்பூசிப் பெட்டி கட்டியிருந்தது.

"டக்டக்னு ஒரே சத்தம். நான் வர்றது ரெண்டு வளைவு தாண்டிக் கேக்குது. ஊசிக்காரம்மா வந்துட்டாங்கன்னு மலை ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் காபித் தோட்டத்துக்குள்ள ஓடிருதுங்க. போன தடவை பத்தொன்பது பேர்ல நாலு பேர்தான் கையில சிக்குனாங்க."

வேலுத்தாய் காது கொடுத்துக் கேட்டார்.

"டேப்பட் இடைவெளி கூடிருக்கு. சார், இன்னிக்கு நீங்களே தனியா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உதிரி பாகம் வாங்கக் கிளம்பினார்.

கோவர்த்தனன் என்ஜின் தலையின் மூடியைக் கழற்றினார். வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவே, தாளைவிட மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும்; அதுதான் டேப்பட் இடைவெளி. அளவுத் தகட்டை நுழைத்துத் திருகாணியைத் திருகினார். மூடிக் கிளப்பிப் பார்த்தார். லேசான டக்டக் மிச்சம் இருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. மறுபடி கழற்றி இன்னும் கொஞ்சம் திருகினார். பிறகு இன்னும் கொஞ்சம். சத்தம் அறவே நின்றது.

ஜெசிந்தா பெரிய கும்பிடு போட்டுவிட்டு மலையேறினார்.

வேலுத்தாய் திரும்பி வந்தார்.

"சத்தம் குறைஞ்சுதா சார்?"

"குறைஞ்சுதாவா? இல்லவே இல்ல!"

"தகடு உள்ள போய் வந்துச்சா?"

"தகடு எப்படிப் போகும்? இடைவெளியே இல்லாம இறுக்கிட்டேனே."

வேலுத்தாய் வாங்கி வந்ததை அப்படியே வைத்தார். கருவிப் பையை எடுத்தார். தன் வண்டியைக் கிளப்பினார்.

"ஏறுங்க சார்."

ஏழாவது வளைவில் ஜெசிந்தா வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தார். பெட்டி ஒரு பாறையின் நிழலில் இருந்தது.

"ஏற ஏற இழுக்கவே இல்ல. அப்படியே நின்னுருச்சு. மறுபடி உதைச்சா பிடிக்கல. பெட்டியில குளிர் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்."

வேலுத்தாய் தன் வண்டிச் சாவியை நீட்டினார். ஜெசிந்தா பெட்டியோடு பறந்தார்.

கோவர்த்தனனுக்கு முகம் செத்துவிட்டது. அவசரமாகக் குனிந்து மூடியில் கை வைத்தார். "ஐயோ!" என்று விரலை உதறினார்.

"ஆறட்டும் சார். சூட்டுல அளந்தா அளவு பொய் சொல்லும்."

மூன்று மணி நேரம் ஆனது. அந்த வழியாகப் போன பெண் ஒருத்தியிடம் வேலுத்தாய் கொய்யா வாங்கிச் சாப்பிட்டார். கோவர்த்தனன் சாலையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"எதனால நின்னுச்சு வாத்தியாரம்மா?"

"சூடானா வால்வு நீளும். நீள இடம் இல்லன்னா முழுசா மூட முடியாது. அந்தச் சந்து வழியா பலமெல்லாம் போயிரும்."

கோவர்த்தனன் நடப்பதை நிறுத்தினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முப்பத்தொரு வருஷம்! வருஷா வருஷம் கரும்பலகையில தண்டவாளம் வரைஞ்சு, ரெண்டு துண்டுக்கு நடுவுல ஏன் இடைவெளின்னு கேட்டிருக்கேன். தப்பாச் சொன்னவனை பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்!"

"பாறை சும்மாதான் இருக்கு சார்."

கோவர்த்தனன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பாறைமேல் ஏறி, கைகட்டி நின்றார். மலையிறங்கிய லாரி ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் ஒலி எழுப்பிக் கையசைத்தார். வேலுத்தாய்க்குக் கொய்யா புரையேறியது.

என்ஜின் ஆறியதும் கோவர்த்தனனே மூடியைத் திறந்தார். தகடு லேசாக உரசியபடி உள்ளே போய் வந்தது. கிளப்பியதும் மெல்லிய டக்டக் கேட்டது. அவர் தலையாட்டி ரசித்தார்.

சற்று நேரத்தில் ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

"மிச்சப் பதினஞ்சு பேருக்கும் போட்டாச்சு! வேற வண்டிச் சத்தம்ல? யாரோ விருந்தாளின்னு எதிர்ல ஓடி வந்துருச்சுங்க. அப்புறம் என்னைப் பாத்துட்டு ஒரே அழுகை."

தன் வண்டியருகே போய்க் காதைச் சாய்த்தார்.

"சத்தம் கொஞ்சம் கேக்குதே சார்?"

"அது இருக்கணும்மா. மலைக்குப் போற அன்னிக்கு மட்டும் எங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க."

ஜெசிந்தாவின் வண்டி வளைவில் இறங்கி மறையும்வரை கோவர்த்தனன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வருஷம் தெரிஞ்ச விஷயம், வாத்தியாரம்மா. காலையில ஏன் எனக்கு அது தோணல?"

வேலுத்தாய் அவருடைய விரலைப் பிடித்துப் பார்த்தார். நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"இன்னிக்குத்தானே சார் சுட்டுச்சு."