பச்சைப் புள்ளி இல்லாத தட்டு

“ஒரு வைரஸ்கூட மிச்சமில்லை மேடம். இன்னும் என்ன தயக்கம்?”

கதவைக்கூடத் தட்டாமல் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டார் வேதமுத்து. இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, ஐம்பதாவது வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். சொல்லிப் பழகிய வாய், கேட்டுப் பழகாத காது. அவருடைய வழிகாட்டி ஹாஜிரா, வயதில் பதினோரு வருடம் இளையவர்.

டெங்கு வைரஸை மடக்க வெள்ளியில் நானோ துகள் செய்திருந்தார் வேதமுத்து. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

இப்போது அவர் மகள் ஜெசிந்தாவே டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“பிளேட்லெட் முப்பதாயிரத்துக்கு இறங்கிடுச்சு. டிரிப்ஸ் ஏத்திட்டு, பொறுங்கன்னு சொல்றாங்க. எப்படிப் பொறுக்கிறது? ஜெசிந்தாவுக்கு என் மருந்தைப் போட அனுமதி கொடுங்க.”

போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை ஹாஜிரா. வேதமுத்து வைரஸும் மருந்தும் விட்டிருந்த செல் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார்.

“பாருங்க.”

“அதான் பார்த்துட்டேனே. வைரஸ் புகுந்த செல் பச்சையா ஒளிரணும். ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.”

“சாதாரண வெளிச்சத்துல பாருங்க.”

அலுத்துக்கொண்டே விளக்கை மாற்றினார் வேதமுத்து. குனிந்தவர் நிமிரவில்லை.

தட்டின் அடியில் பாய் விரித்ததுபோல் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் சுருங்கி, உதிர்ந்து, மிதந்துகொண்டிருந்தன. உயிரோடு ஒன்றுகூட இல்லை.

“இது வைரஸ் செஞ்ச வேலை.” என்றார் வேதமுத்து.

ஹாஜிரா இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

“இது நேத்து நான் போட்டது. இதுல வைரஸே கிடையாது. உங்க மருந்து மட்டும்தான்.”

அதிலும் அதே கதி.

வேதமுத்து இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எட்டு மாதமாக வைரஸை மட்டுமே தேடியிருக்கிறார். வைரஸ் இல்லாத செல்லில் மருந்தை விட்டுப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு அவரே நடத்திய பாடம் அது.

“அப்போ வைரஸ்?”

“குடியிருக்க வீடே இல்லை சார். எங்கே பெருகும்?”

வேதமுத்து சட்டைப் பையில் கைவிட்டு, மூடி போட்ட ஊசி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மருந்து நிரப்பியிருந்தது.

ஹாஜிரா அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா?”

“போட்டுட்டு வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன் மேடம்.”