கிணற்றடியில் கட்டிய கழுதை

"அவன் என்னை நட்டாத்துல விட்டுட்டான்," என்றார் லோயிக்.

ஒடெத் தன் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்கவில்லை. நாற்பது வருஷமாக லோயிக் திட்டுகிற 'அவன்' ஒருவன்தான்: அவரே வரைந்த சித்திரக்கதை நாயகன், மாலுமி வெர்னூ.

பத்தொன்பது வயதில் ஒரு கட்டுப் படங்களோடு பாரிஸுக்கு ரயிலேறியவர் லோயிக். பதினோரு பத்திரிகைகள் வாசலோடு அனுப்பின. பன்னிரண்டாவது, வாரம் ஒரு பக்கம் கேட்டது.

அங்கே சித்திரக்கதைகளின் பேச்சு பலூன்களுக்குள் வசனம் எழுதுகிறவள் ஒடெத். முதல் நாளே பக்கத்தைத் திருப்பி வீசினாள். கப்பலை இவ்வளவு பெரிதாகப் போட்டால் உன் ஆள் வாயைத் திறக்க இடம் எங்கே என்று கேட்டாள்.

அன்று முதல் அவள்தான் குரு. வயதில் இரண்டு மாதம் சின்னவள்.

இப்போது இருபதாவது புத்தகம். இதுதான் கடைசி என்று அறிவித்தாகிவிட்டது. கடைசிப் பக்கம் மட்டும் ஏழு மாதமாக வெள்ளையாகக் கிடக்கிறது.

வெர்னூவைக் கடலில் மூழ்கடித்துப் பார்த்தாராம். கல்யாணம் செய்துவைத்துப் பார்த்தாராம். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாராம்.

"எப்படி முடிச்சாலும் பொய்யாத் தெரியுது, குருவே."

ஒடெத் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் புத்தகத்தோடு வந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

பாலைவனத்தில் ஒரு கிணறு. வெர்னூ தன் கழுதையைக் கம்பத்தில் கட்டுகிறான். பலூனில் ஒரே வரி: 'இரு, இதோ வந்துவிடுகிறேன்.'

லோயிக் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வெர்னூ கப்பலில் இருந்தான். கடைசிவரை புரட்டினார். கழுதை எங்குமே இல்லை.

அந்த வாரம் அச்சகத்துக்காரர் தலைமேல் நின்றதாகச் சொன்னார். அவசரத்தில் மறந்தே போனதாகச் சொன்னார்.

"ஒரு வாசகர்கூடக் கேட்டு எழுதலையே."

"கழுதைக்கு எழுதத் தெரியாது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வரியை எழுதினது என் கை. முப்பத்தேழு வருஷமா என்னைப் பொய் சொல்ல வெச்சிருக்கே."

லோயிக் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு குட்டையாக இருந்தது. கழுதையின் வாய் தண்ணீர்த் தொட்டிக்கு எட்டாது. அப்படி வரைந்தது அவர்தான்.

ஒடெத் அவருடைய தொப்பியை எடுத்துக் கையில் திணித்தாள்.

"போ. போய் அவிழ்த்துவிடு."