தவம் செய்த செம்மறி

"அம்மா, மனத்துக்குள் கேடு புகாமல் காப்பது எப்படி?"

கேட்டவர் பண்டிதர் திருவம்பலம். வயது அறுபத்திரண்டு. சாத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். பன்னிரண்டு வாதங்களில் எதிரிகளை வாயடைத்தவர்.

கேட்கப்பட்டவள் பாவாத்தாள். வயது நாற்பது. அறுபது செம்மறிகளை மேய்ப்பவள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவள்.

மடத்துப் பெரியவர்தாம் பண்டிதரை இங்கே அனுப்பினார். "ஏட்டில் உமக்கு இனி மிச்சமில்லை. பாவாத்தாளிடம் போம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாவாத்தாள் ஓர் ஆட்டின் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காலையிலயும் சாயங்காலமும் வாலைத் தூக்கிப் பாருங்க."

"எதன் வாலை, அம்மா?"

"வாலு இருக்கறதோட வாலைத்தானுங்க."

பண்டிதருக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை சுருக்கமான சூத்திரத்தை அவர் எந்த நூலிலும் கண்டதில்லை.

வேலமரத்தடியில் அமர்ந்து உடனே உரை எழுதத் தொடங்கினார். வால் என்பது பழவினையின் எச்சம். தூக்குதல் என்பது ஆராய்தல். காலையும் மாலையும் பிறப்பும் இறப்பும் ஆகும்.

பதவுரை முடிந்தது. கருத்துரை முடிந்தது. விரிவுரைக்குத் தாள் போதவில்லை.

நான்காம் நாள் பாவாத்தாள் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க புலவரே, எங்கக்கா மகளுக்குக் கல்யாணம். மூணாம் நாள் மத்தியானம் வந்துருவேன். அதுவரைக்கும் பட்டியப் பாத்துக்குவீங்களா?"

"என் பேறு, அம்மா."

"பேறெல்லாம் இருக்கட்டும். சொல்றதக் கேளுங்க. மழை பேஞ்சு வெயில் அடிக்குது. பச்சை ஈ சுத்துற காலம். இளம்புல்லத் தின்னு ஆட்டுக்கு வயிறு போகும். கழிஞ்சு வாலடியில அப்பிக்கிட்டா, அந்த மயிரைக் கத்தரிச்சு விட்டுருங்க. ஒதுங்கி நிக்கற ஆட்டை அப்படியே விட்டுறாதீங்க."

பண்டிதர் ஒரு சொல்லும் சிந்தாமல் எழுதிக்கொண்டார்.

பாவாத்தாள் ஓர் ஆட்டைச் சுட்டிக் காட்டினாள். வெள்ளை உடம்பு, கறுத்த கழுத்து. மடியை இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன.

"இவ கருங்கழுத்தி. ஈன்று பத்து நாள் ஆச்சு. இவ போயிட்டா குட்டி ரெண்டும் தங்காது. மூணு உசுருங்க."

"அறிந்தேன்."

"மூணும் போச்சுன்னா, நீங்களும் மடத்துக்கே போயிக்கலாம்."

அவள் போய்விட்டாள். பண்டிதர் எழுதியதை மறுபடியும் படித்தார். பச்சை ஈ, ஆசை. இளம்புல், இளமை. மயிரைக் கத்தரித்தல் என்பதற்கு விளக்கம் வேண்டுமா? துறவு பூணுதலன்றி வேறென்ன!

ஒதுங்கி நிற்பவர் யார் என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் இருந்தது.

மறுநாள் காலையில் அந்த ஐயமும் தீர்ந்தது.

அறுபது ஆடுகளில் ஐம்பத்தொன்பது மேய்ந்துகொண்டிருந்தன. கருங்கழுத்தி மட்டும் வேலியோரம் தனித்து நின்றாள். தலை கவிழ்ந்திருந்தது. எதிரே பசும்புல் இருந்தும் வாய் வைக்கவில்லை.

'உணவைத் துறந்துவிட்டாள்' என்று பண்டிதர் வியந்தார்.

குட்டிகள் பால் குடிக்க ஓடி வந்தன. அவள் விலகிப் போனாள்.

'பாசத்தையும் உதறிவிட்டாளே!'

பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தாள். உலகத்தையே உதைத்ததாக அவருக்குத் தோன்றியது. பிறகு கழுத்தை வளைத்துத் தன் பின்புறத்தையே நோக்கினாள். ஒருமுறையன்று, பலமுறை.

பண்டிதருக்குக் கண் கலங்கியது. தன்னைத் தானே திரும்பிப் பார்! எத்தனை நூல்கள் இதைச் சொல்லின! செய்து காட்ட ஒரு செம்மறி வேண்டியிருந்தது.

அவர் கருங்கழுத்தியின் எதிரே அமர்ந்தார். மற்ற ஆடுகள் நெருங்கியபோது கைகளை வீசி விரட்டினார். கத்திய குட்டிகளைத் தூக்கிப் போய் மரத்தடியில் கட்டினார்.

மாலையில் சற்று நாற்றம் வீசியது. உடம்பின் நிலையாமை என்று அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் பாவாத்தாள் திரும்பி வந்தாள். கருங்கழுத்தியின் காலடியில் ஆவாரம்பூக்கள் கிடந்தன. எதிரே பண்டிதர் கைகூப்பி அமர்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"உரக்கப் பேசாதீர்கள், அம்மா. நேற்றுக் காலை முதல் இவள் நிட்டையில் இருக்கிறாள்."

பாவாத்தாள் கையிலிருந்த கல்யாணப் பலகாரத்தைக் கீழே வைத்தாள். நேராகப் போனாள். வாலைத் தூக்கினாள்.

"வந்து பாருங்க."

பண்டிதர் வந்து பார்த்தார்.

வாலடி மயிர் நனைந்து கறுத்திருந்தது. அதை அவள் விலக்கினாள். உள்ளே, கொதிக்கும் உலையில் அரிசி புரள்வதுபோல, வெள்ளையாய் ஏதோ நெளிந்தது.

பண்டிதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"புழு வெச்சிருக்குது. காலையிலயும் சாயங்காலமும் வாலைத் தூக்கிப் பாக்கச் சொன்னனே, பாத்தீங்களா?"

"அதற்கு உரை எழுதினேன், அம்மா."

"எத்தன பக்கம்?"

"நாற்பத்திரண்டு."

"ஈக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

பன்னிரண்டு வாதங்களில் வென்றவர் கையை வீசி ஈயை விரட்டினார்.

கட்டிப் போட்டிருந்த குட்டிகள் கத்தின. கருங்கழுத்தி தலையைத் திருப்பி அவற்றைப் பார்த்தாள். போக முயன்றாள், கால் தள்ளாடியது. அந்தப் பார்வையில் துறவு ஏதும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"பிழைப்பாளா, அம்மா?"

"இப்பவே கை வெச்சாப் பொழைப்பா. பொழுது சாயட்டும்னு விட்டா, சதையக் குடைஞ்சு உள்ள போயிரும். அப்புறம் யாராலும் ஆகாது."

பட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போனவள், கத்தரிக்கோலும் வெந்நீர்ச் செம்பும் கிண்ணமுமாக வந்தாள். கிண்ணத்தில் கற்பூரம் கரைத்த வேப்பெண்ணெய் இருந்தது.

"நான் தலையப் புடிச்சுக்கறேன். நீங்க கத்தரிங்க."

"நானா?"

"தலையப் புடிக்கறீங்களா? முட்டுவா."

பண்டிதர் கத்தரிக்கோலை வாங்கினார்.

மண்டியிட்டார். மூச்சை அடக்கினார், நாற்பதாண்டு மூச்சுப்பயிற்சி அன்றுதான் உதவியது. நனைந்த மயிரை வெட்டி எறிந்தார். புண்ணைச் சுற்றி நல்ல தோல் தெரியும்வரை வெட்டச் சொன்னாள், வெட்டினார். வெந்நீர் ஆற வைத்துக் கழுவச் சொன்னாள், கழுவினார்.

"இப்ப எண்ணெயை ஊத்துங்க. புழு மேல வரும். ஒண்ணு விடாம எடுத்துப் போட்டு நசுக்கிருங்க. ஒண்ணு தப்பினாலும் அது ஈயாகித் திரும்பி வரும்."

பண்டிதர் கிண்ணத்தை எடுத்தார். சாய்த்தார். ஒரு துளி விழும் முன்னே கை நின்றுவிட்டது.

"அம்மா."

"என்னங்க?"

"இவையும் உயிர்களல்லவா?"

பாவாத்தாள் ஆட்டின் தலையை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அறிந்து ஓர் எறும்பைக்கூட நான் கொன்றதில்லை. விளக்கில் விட்டில் விழும் என்று இருட்டில் உண்பவன். இன்றைக்கு நூறு உயிரைக் கொல் என்கிறீர்கள். எப்படி அம்மா?"

அவள் நகைப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் நகைக்கவில்லை. ஆட்டின் கழுத்தை மடியில் அணைத்தபடி புண்ணை எட்டிப் பார்த்தாள்.

"நெசந்தானுங்க. அதுகளும் உசுருதான். அதுகளுக்கும் பசிக்கும்."

"ஆமாம், அம்மா."

"அதுக வேணும்னு இங்க வந்து பொறக்கல."

"ஆமாம், அம்மா!"

"அப்படின்னாக் கொல்ல வேண்டாம். வலிக்காம ஒவ்வொண்ணா எடுத்து வேற எடத்துல விட்டுரலாம்."

பண்டிதரின் நெஞ்சு குளிர்ந்தது. இதற்காகத்தானே பெரியவர் அனுப்பினார்!

"எந்த இடத்தில், அம்மா?"

"அதுக தின்னு பொழைக்கற எடமா இருக்கோணும். வெதுவெதுன்னு சதை இருக்கோணும். செத்த ஒடம்பு இப்பக் கைவசம் இல்லீங்க."

"ஆகவே?"

"உங்க வேட்டியக் கொஞ்சம் தொடைக்கு மேல ஏத்துங்க."

பண்டிதர் தம் தொடையைப் பார்த்தார். புழுக்களைப் பார்த்தார். மரத்தடியில் குட்டிகள் கத்திக் கத்திக் குரல் தேய்ந்துகொண்டிருந்தன.

அவர் கிண்ணத்தைப் புண்ணின்மேல் கவிழ்த்தார்.

"இன்னும் எண்ணெய் இருக்கிறதா, அம்மா?"